இடுப்பில் ஒரு மரக்கட்டை

நிரூபா: தெரியுது.

அன்புராசா: எங்க தெரியுது? சும்மா சொல்லாதையும்.

நிரூபா: வலப்பக்க இடுப்பில. சேட் தனியா எழும்பி நிக்குது.

அன்புராசா: மரக்கட்டையெண்டபடியா அப்பிடி. விளிம்பெல்லாம் கூர். உண்மையான பிஸ்டல் துவக்கு வழுவழுப்பா, சின்னனா இருக்கும். வீடியோவில அந்த அமெரிக்கன் ரீசேட்டோட நிண்டு காட்டுறான். ஒண்டுமே தெரியேல்லை.

நிரூபா: அந்த அமெரிக்கனுக்கு வயிறு இல்லை.

அன்புராசா: நிரூபா...

நிரூபா: என்னப்பா? நாலு மணிக்கு றோயைச் சந்திச்சுத் துவக்கை வாங்கப் போகமுந்தி, உந்தக் கட்டையை இடுப்பில செருகிக்கொண்டு நான் சொல்லுறதெல்லாம் செய்து காட்டுறன் எண்டது ஆர்?

அன்புராசா: நான்தான். இப்ப மூண்டு பத்து. கெதியாச் சொல்லும்.

நிரூபா: முதல் அந்த யன்னலை விட்டு இஞ்சால வாங்கோ. எத்தினை தரம் எட்டிப் பாப்பீங்கள்?

அன்புராசா: றோய் உந்த எதிர்ப்பக்கப் பிளாசாவில கனநேரம் நிக்கமாட்டன் எண்டவன். சாமான் காருக்குள்ள கிடக்கு.

நிரூபா: சாமான். சம்பா அரிசி மூட்டை மாதிரியெல்லே சொல்லுறீங்கள். எவ்வளவு பாரம்?

அன்புராசா: குண்டோட அறுநூறு கிராம் சொச்சம். அதுதான் கட்டையைக் குடைஞ்சு மீன் பிடிக்கிற ஈயக்குண்டு வைச்சு ரேப் சுத்தினனான். நீளம், தடிப்பு, எல்லாம் சரியா அளந்தது.

நிரூபா: போன வருசம் குசினியில கரண்டி போடுற லாச்சி கழண்டது. இண்டைக்கும் அப்பிடியே கிடக்கு. உதுக்கு மட்டும் அளந்து வெட்டியிருக்கிறீங்கள்.

அன்புராசா: நக்கலடிக்காமல் சோதினையைச் சொல்லும்.

நிரூபா: கதிரையில இருங்கோ.

அன்புராசா: இருந்தாச்சு.

நிரூபா: முகம் ஏன் கோணுது?

அன்புராசா: கொஞ்சம்... குத்துது. பழகிடும்.

நிரூபா: ஸ்காபரோவில இருந்து மிசிசாகாவுக்கு டிறாபிக்கில ஒண்டரை மணித்தியாலம். போகப் பழகோணும், வரப் பழகோணும்.

அன்புராசா: வேலைக்குக் கொண்டுபோக ஏலாது. எயாப்போட்டில உள்ளுக்கு விடேக்க தடவிப் பாப்பாங்கள். காரில வைச்சிட்டுப் போவன்.

நிரூபா: நல்லது. காரைக் களவெடுக்க வாறவனுக்குத் துவக்கும் கிடைக்கும்.

அன்புராசா: ...அடுத்தது.

நிரூபா: இப்ப நான் கள்ளன். முன்னால வந்து நிக்கிறன். எடுங்கோ பாப்பம்.

அன்புராசா: பொறும், ரெடியாகேல்லை.

நிரூபா: கள்ளன் பொறுப்பானோ? ஒண்டு... ரெண்டு... மூண்டு...

அன்புராசா: சேட் மாட்டுப்பட்டிட்டுது.

நிரூபா: ஆறு... ஏழு...

அன்புராசா: இந்தா. எடுத்திட்டன்.

நிரூபா: நான் போய் அஜின்கோர்ட்டில கொத்துரொட்டியும் சாப்பிட்டிட்டன்.

அன்புராசா: ஒரு கிழமை பழகினா ஒரு செக்கன்ட்தான் எண்டு வீடியோவில சொல்லுறான்.

நிரூபா: ஜனவரியில? ஜக்கெற் சிப்பைத் திறந்து, சுவெட்டரைத் தூக்கி, கையுறையைக் கழட்டி... கொஞ்சம் நில்லுங்கோ தம்பி எண்டு சொல்லுவியளோ?

அன்புராசா: சிரியும், நல்லாச் சிரியும்.

நிரூபா: சிரிக்கேல்லை. வெள்ளிக்கிழமை கோயில். அதுக்கு என்ன வழி?

அன்புராசா: வேட்டிக்குள்ள செருகலாம்.

நிரூபா: மேல?

அன்புராசா: மேல சேட்... ஓ.

நிரூபா: வாசலில சேட்டைக் கழட்டோணும். ஐயர் தீபத்தைக் காட்டிப்போட்டு உங்கட இடுப்பைப் பாத்தால்?

அன்புராசா: சால்வையை இடுப்பில இறுக்கிக் கட்டுவன்.

நிரூபா: திருவிழாவுக்கு?

அன்புராசா: அதுக்கென்ன?

நிரூபா: வருசாவருசம் வீதியில பிரதட்டை அடிக்கிறனீங்கள். துவக்கோட உருளுவியளோ?

அன்புராசா: இந்த வருசம்... உருளேல்லை. போதுமே?

நிரூபா: போதாது. சின்னவள்?

அன்புராசா: அபர்ணாவுக்கு என்ன? அலுமாரிக்கு மேல பெட்டியில பூட்டி வைப்பன். திறப்பு என்னட்ட.

நிரூபா: அது வீட்டில. பள்ளிக்கூடத்தால வந்து சப்பாத்தும் கழட்டாமல் ஓடிவந்து இடுப்பைக் கட்டுறவளெல்லே. நேற்று அவளின்ர நெத்தி வீங்கினது எதில?

அன்புராசா: சொன்னனானெல்லே, மேசையில.

நிரூபா: என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.

அன்புராசா: ...கட்டையில. நான் குனியமுந்தி வந்து மோதிட்டாள். எனக்கு மட்டும் சுகமோ அதைப் பாத்துக்கொண்டு நிக்க?

நிரூபா: இருங்கோ. நடக்காதேங்கோ. கீழ் வீட்டு கிறிஸ்ரினா மேல வந்து கதவைத் தட்டப்போறா.

அன்புராசா: இருந்தால் குத்துது, நிண்டால் நீர் பேசுறீர். நான் என்ன செய்ய?

நிரூபா: இந்த நாட்டில லைசென்ஸ் வைச்சிருக்கிறவனே இடுப்பில கட்டிக்கொண்டு திரிய ஏலாது. உங்களிட்ட அதுவும் இல்லை. பிடிச்சால் உள்ளுக்கதான். தெரியுந்தானே?

அன்புராசா: தெரியும்.

நிரூபா: தெரிஞ்சும்?

அன்புராசா: தெரிஞ்சும்தான்! மூண்டு கிழமையாச்சு. ஒரு பெட்டையின்ர சாமத்தியவீட்டுச் சடங்குக்குப் போயிட்டு, பட்டப்பகலில ஹோல் கார்ப்பாக்கில தாலிக்கொடியைப் பறிகுடுத்திட்டு வந்தனாங்கள். முகத்தை மூடின ரெண்டு பேர். அதை மறந்திட்டு நான் கிரிக்கெற் பாத்துக்கொண்டு இருக்கோணுமே?

நிரூபா: கொடிதானே போனது? நான் இருக்கிறன்.

அன்புராசா: நீர் சொல்லுவீர். கோயிலில ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை எல்லாருக்கும் முன்னால கேட்டார். "மனுசியின்ர கழுத்தில கை வைக்கேக்க நீர் என்ன செய்துகொண்டு நிண்டனீர்?" எண்டு. வடை சாப்பிட்டுக்கொண்டு கேட்டார்.

நிரூபா: அவருக்கு நீங்கள் சொன்னனீங்கள்தானே. வானுக்குப் பின்னால சீலைப் பெட்டியளை ஏத்திக்கொண்டு நிண்டன், காணேல்லை எண்டு.

அன்புராசா: ...ஓம்.

நிரூபா: அப்ப பேந்தென்ன? காணாததுக்கு ஆர் என்ன செய்யிறது?

அன்புராசா: ஒண்டுமில்லை. அடுத்த சோதினை. மூண்டு முப்பத்தஞ்சு.

நிரூபா: கடைசிச் சோதினை. எழும்பி வாங்கோ. கட்டிப்பிடியுங்கோ.

அன்புராசா: ஆரை?

நிரூபா: றோயை! என்னைத்தான். கலியாண வீட்டில சனம் வந்து கட்டிப்பிடிக்கும். தட்டுப்படுதோ எண்டு பாக்கவேண்டாமே?

அன்புராசா: உது தேவையில்லாத சோதினை.

நிரூபா: சொல்லுறதெல்லாம் செய்வன் எண்டு ஆர் சொன்னது? கிட்ட வாங்கோ... இன்னும் கிட்ட... ம். தட்டுப்படுது.

அன்புராசா: சரி, தட்டுப்படுது. தோத்திட்டன்.

நிரூபா: கையை எடுக்காதேங்கோ. சோதினை முடியேல்லை.

அன்புராசா: நிரூபா... அழுறீரே?

நிரூபா: இல்லை. மூண்டு கிழமையா நீங்கள் எனக்குக் கிட்ட வரேல்லை. படுத்தால் சுவர்ப்பக்கம் திரும்புறீங்கள். தேத்தண்ணி தந்தால் கோப்பையைப் பாத்து வாங்குறீங்கள். கொடியைக் குடுத்திட்டு வந்திட்டன் எண்டு என்னில கோவமோ?

அன்புராசா: சீ! உம்மில ஏன் கோவம்?

நிரூபா: அப்ப ஆரில?

அன்புராசா: விடுமன்.

நிரூபா: விடமாட்டன். ஆரில?

அன்புராசா: ...நான் கண்டனான்.

நிரூபா: எதை?

அன்புராசா: எல்லாத்தையும். பெட்டியள் ஏத்தி முடிஞ்சுது. நிமிரேக்க கண்டன், ஒருத்தன் உமக்கு நேர துவக்கை நீட்டிக்கொண்டு நிக்கிறான். மற்றவன் உம்மட கழுத்தைக் காட்டிக் கத்துறான். நான்... குந்தியிட்டன்.

நிரூபா: ம். சொல்லுங்கோ.

அன்புராசா: பின் ரயருக்குப் பக்கத்தில. கால் எழும்பேல்லை நிரூபா. நீர் ஒருக்கா "அப்பா" எண்டு கூப்பிட்டிருந்தால் எழும்பியிருப்பன் எண்டு எனக்கு நானே சொல்லிச் சொல்லிப் பாக்கிறன். நீர் கூப்பிடவுமில்லை. அவங்கள் போனாப் பிறகுதான் ஓடி வந்தனான், காணாதவன் மாதிரி. நீர் எல்லாருக்கும் சொல்லுறீர், பாவம், இவர் பின்னால நிண்டவர் எண்டு. ஒவ்வொருக்காலும் அது இஞ்ச வந்து குத்துது. கட்டை ஒண்டுமில்லை அதுக்கு முன்னால.

நிரூபா: உதை மூண்டு கிழமையா மனதுக்குள்ள வைச்சுக்கொண்டே...

அன்புராசா: எப்பிடிச் சொல்ல? ஆம்பிளை எண்டு நிக்கிறன். கையில ஒண்டு இருந்திருந்தால் எழும்பியிருப்பன். அது மட்டும் நிச்சயம்.

நிரூபா: ஓம். எழும்பியிருப்பீங்கள்.

அன்புராசா: விளங்குதுதானே? அதுதான் போறன் எண்டுறன்... போன் அடிக்குது. றோய். நேரத்தோட வந்திட்டான் போல.

நிரூபா: அடிக்கட்டும். நானும் ஒண்டு சொல்லோணும். அதைக் கேட்டிட்டு எடுங்கோ, இல்லாட்டி விடுங்கோ. உங்கட விருப்பம்.

அன்புராசா: கெதியாச் சொல்லும், வைச்சிடப் போறான்.

நிரூபா: என்ர கழுத்தைப் பாருங்கோ. நிமிந்து, வடிவாப் பாருங்கோ. ஒரு கீறல் இருக்கோ? ஆரும் பறிக்கேல்லையப்பா. பக்கத்தில நிண்ட காரின்ர கண்ணாடியில நீங்கள் குந்தியிருந்தது எனக்குத் தெரிஞ்சது. துவக்கு வைச்சிருந்தவன் அந்தப் பக்கம் இன்னும் திரும்பேல்லை. உங்களைக் கூப்பிடாததும் அதாலதான். நீங்கள் எழும்பிடுவியள் எண்ட பயத்தில, அவங்கள் கை வைக்க முந்தி நானே கொடி பூட்டுற சுரையைத் திருகித் தாலிக்கொடியைக் கழட்டிக் குடுத்தனான். புருசன் இருக்க எந்தப் பொம்பிளையாவது தன்ர கையால அதைக் கழட்டுவாளோ எண்டு கேப்பினம்... பொலிசுக்கும் சொல்லேல்லை, அம்மாவுக்கும் சொல்லேல்லை. நீங்கள் இருக்கோணும் எண்டுதானே கழட்டினனான்.