ஏழாம் நம்பர் பிரேக்கரை அணைத்தது பற்றி

என் பெயரும் முகவரியும் மேலே குறிக்கப்பட்டுள்ளன. வயது எழுபத்திரண்டு. கணவர் காலமாகிவிட்டார். கண் தெரியாத கிழவி பொத்தானை மாற்றி அழுத்திவிட்டாள் என்று பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. எனக்குக் கண் நன்றாகத் தெரியும். அழுத்த வேண்டியதைத்தான் அழுத்தினேன்.

நான் முப்பத்தோரு வருடம் மின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரண்டு வருடமாக வாரம் இரு நாள் ஒரு மின் சோதனைக்கூடத்துக்குப் போகிறேன். அங்கே ஒரு நகரத்தின் மின்கட்டமைப்பு முழுவதையும், நிஜத்தில் நடக்கும் அதே வேகத்தில், கணினி நடத்திக் காட்டும். யாராவது திருட்டுத்தனமாகப் புகுந்து பொய்த் தகவல் அனுப்பினால் பணியில் இருப்பவர் என்ன செய்வார் என்று பார்க்க என்னை உட்கார வைப்பார்கள். கணினியோடு, மின்சாரத்தைத் துண்டிக்கும் சில நிஜ பிரேக்கர்களும் இணைந்திருக்கும். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் அந்த இணைப்புகள் எங்கே போகின்றன என்று ஒருவர் தொட்டுப் படிக்க, இன்னொருவர் பட்டியலில் சரிபார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

சம்பவத்தன்று காலை பதினொரு மணிக்குப் பார்வையாளர்கள் வந்தார்கள். அதன் பிறகு, நாங்கள் குருவி என்று கூப்பிடும் பெண் பொறியாளர் இணைப்புப் பட்டியலோடு எழுந்தாள். கூடத்தின் தலைவர், "அட விடும்மா, வந்தவங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க? எல்லாம் பொம்மை விளையாட்டுதானே" என்றார். "சார், ரெண்டே நிமிஷம்" என்றாள். அவர் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஏழாம் நம்பர் பிரேக்கரில் சுமை மீறியதாகத் திரையில் பொய்த் தகவல் வந்ததும் விதிப்படி அதை அணைத்தேன்.

கட்டடத்தின் லிஃப்டுக்கும் விளக்குகளுக்கும் போகும் மின்சாரத்தை, வேறொரு சோதனைக்காக, தலைவர் சொல்லி முந்தைய வாரம் அந்த பிரேக்கர் வழியாக விட்டிருந்தார்கள். நானே பார்த்தேன். கழற்றியிருப்பார்கள் என்று கேட்காமல் இருந்துவிட்டேன். விளக்குகள் அணைந்தன. பேட்டரி இருந்ததால் கணினிகள் மட்டும் ஓடின. பார்வையாளர்கள் கைதட்டினார்கள். "அச்சு அசல் நிஜம் மாதிரியே இருக்கே!" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன்.

குருவி மட்டும் வெளியே ஓடினாள். லிஃப்டில் ஆள் மாட்டியிருப்பதை அவள் போனில் சொன்ன பிறகுதான் நான் பிரேக்கரை மறுபடி போட்டேன். அதற்குள் ஒன்பது நிமிடம். அதன் பிறகு நானும் போய்ப் பார்த்தேன். மின்சாரம் வந்தும் லிஃப்ட் நகர மறுத்து நின்றிருந்தது. உள்ளே மூச்சிரைப்பு உள்ள துப்புரவுப் பணியாளர். குருவி தரையில் படுத்து, கதவிடுக்கில் வாயை வைத்து, "அண்ணே, மெதுவா மூச்சு விடுங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அண்ணிகிட்ட யாரு திட்டு வாங்குறது?" என்று பேசிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் வந்து திறக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அந்தப் பணியாளர் இப்போது மருத்துவமனையில் நலமாக இருக்கிறார்.

குருவிதான் வேண்டுமென்றே இணைப்பை மாற்றியதாகத் தலைவர் எழுதிக் கொடுத்த புகார் பொய். அதன் பேரில் நேற்று முதல் அவளை இந்தக் காவல் நிலையத்தில் வைத்திருக்கிறீர்கள்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். இதில் உள்ளது நான் கண்டதும் செய்ததும் மட்டுமே. அந்தப் பெண்ணை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்பதை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)