பத்தாவது கிண்ணம்

"போனை உள்ள கொண்டு போனியா இல்லையா?"

"ஒரே ஒரு தடவைதாம்மா, அதுவும் பாட்டிம்மாவுக்கு..."

"யாருக்குன்னு நான் கேட்கலை."

"கவர்ல சுத்தி, ஸ்பிரிட் போட்டு நாலு தடவை துடைச்சு..."

"நீ துடைச்சா கிருமி செத்துடுமா? ரெண்டாயிரத்து முந்நூறு உசுரு போயிருக்கு, துடைச்சாளாம்."

"அவங்க பொண்ணு வாசல்ல நின்னு அழுதாங்கம்மா, நான் எப்படி..."

இருவரும் இப்படி ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தபோதுதான், தேநீர் ஆறிவிட்டது, வேறு கொண்டுவரச் சொல்லட்டுமா என்று நான் கேட்டேன். விசாரணைக் குழுத் தலைவரான நீங்கள் வேண்டாம் என்று கையசைத்தீர்கள். அப்படியானால் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அன்று வாயால் சொன்னதை இப்போது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும். படிக்கச் சிரமம் இராது.

கத்தியவள் என் தங்கை. அந்தப் பன்றிப் பண்ணை அவளுடையது. கைகட்டி நின்றவரை எல்லோரும் துண்டக்கா என்போம். பண்ணை வாசலில் ஒரு குளியல் கூடம் இருக்கிறது. உள்ளே போகிற யாராக இருந்தாலும் அங்கே உடுப்பைக் கழற்றி, தலை முழுகி, பண்ணை உடுப்பை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பதினோரு ஆண்டுகளாக அங்கே நின்று துண்டு கொடுப்பவர் அவர். குடியிருப்பதும் பண்ணை கொடுத்த ஓர் அறையில். நோயை உள்ளே கொண்டுவந்தது அவர்தான் என்று அன்று மாலைக்குள் கையெழுத்துப் போட உங்கள் குழு ஆயத்தமாக இருந்தது. கையெழுத்து விழுந்தால் வேலை போகும், அறை போகும், வழக்கும் வரும்.

நான் இனவிருத்தி நிலையத்தின் கரு ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். உயர்ந்த ரகத் தாய்ப்பன்றியிடமிருந்து ஐந்து நாள் கருக்களை எடுத்து, கழுவி, மெல்லிய குழல்களில் அடைத்து, நைட்ரஜன் தொட்டியில் உறைய வைப்பது என் வேலை. பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுத்து, வேறு பண்ணையில் பருவம் ஒத்து நிற்கும் ஒரு சாதாரணப் பன்றியின் கருப்பையில் விடலாம். அது யார் பிள்ளை என்று கேட்காமல் சுமந்து பெற்றுக் கொடுத்துவிடும். அந்தப் பெருந்தன்மை பன்றிகளிடம் உண்டு.

தங்கையின் பண்ணைக்குள் வெளிப்பன்றி கால் வைக்கக் கூடாது. புது இரத்தம் வேண்டுமென்றால் கருவாகத்தான் வர வேண்டும், கருவைக் கழுவ முடியும் என்பதால். பத்துக் கிண்ணங்களில் திரவம் ஊற்றி வரிசையாக வைப்போம். நுண்ணோக்கியில் பார்த்தபடி கருவை முதல் கிண்ணத்திலிருந்து இரண்டாவதற்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் புதுப் பிப்பெட். பத்தாவது கிண்ணத்துக்கு வந்து சேரும்போது அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய ஓட்டில் ஒட்டியிருந்த வெளியுலகம் மொத்தமும் போய்விட்டிருக்கும். ஓடு விரிசல் விட்ட கரு மட்டும் ஆகாது. விரிசலுக்குள் போனதைக் கழுவ முடியாது. அதைக் கொட்டிவிடுவோம்.

மனிதர்களுக்கு விதி வேறு. வெளியில் பன்றியைத் தொட்டவர் எழுபத்திரண்டு மணி நேரம் கழிந்த பிறகே குளியல் கூடத்தைத் தாண்டலாம். நானோ தினமும் தொடுகிறவள். சேர்ந்தாற்போல மூன்று நாள் விடுப்பு எனக்குக் கிடைத்ததில்லை. நானும் கேட்டதில்லை. ஆகவே பண்ணை தொடங்கிய இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு முறைகூட நான் உள்ளே போனது கிடையாது. கருப்பெட்டியை வாசல் சுவரில் இருக்கும் சிறு கதவு வழியாக நீட்டுவேன். உள்ளிருந்து கையுறை போட்ட கை ஒன்று வந்து வாங்கிக்கொள்ளும்.

"பத்துத் தடவை கழுவினியா, அக்கா?"

"கழுவினேன்."

"எண்ணினியா?"

"எண்ணினேன்."

எங்கள் குடும்பத்தில் நலம் விசாரிப்பது இப்படித்தான்.

அம்மா தங்கையோடு இருந்தாள். பண்ணை வீடு வேலிக்குள் இருந்ததால் அம்மாவும் வேலிக்குள். நடமாட்டம் இருந்தவரை வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவாள். கடைசி இரண்டு ஆண்டுகள் கட்டிலோடு சரி. பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, நாள் கணக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகத் தங்கை செய்தி சொன்னாள். நான் கருப்பெட்டியோடு ஓடினேன். கரு கொடுக்க வேண்டிய நாளும் அதுவாகவே அமைந்திருந்தது. பெட்டிக்குள் முப்பத்திரண்டு கருக்கள் இருந்தன. அவை முப்பத்திரண்டும் உள்ளே போயின. நான் போகவில்லை.

குளியல் கூடத்தில் பத்து முறை குளித்தேன். ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு. துண்டக்கா எடுத்து எடுத்துக் கொடுத்தார். "போதும் லேப் அக்கா, தோல் உரிஞ்சிடும்" என்று மட்டும் எட்டாவதற்குச் சொன்னார். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பத்தாவது துண்டைச் சுற்றிக்கொண்டு சிறு கதவின் முன் போய் நின்றேன். இப்போது விடு என்றேன்.

"நீ கரு இல்லைக்கா" என்றாள் தங்கை. "உனக்கு மூக்கு இருக்கு, தொண்டை இருக்கு. அதை எந்தக் கிண்ணத்துல கழுவுவே?"

அறிவியல்படி அவள் சொன்னது சரி. அதை நான் அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை. அம்மாவை வெளியே தூக்கிவரவும் வழியில்லை. மூச்சுக்குழாய் மாட்டியிருந்தார்கள். பண்ணைக்குள் இருந்த ஒரே தொலைபேசி அலுவலகத்தில். அதன் கம்பி அம்மாவின் கட்டில்வரை நீளாது. மறுநாள் நண்பகல், தங்கை கொட்டிலில் கரு மாற்றுகிற வேலையில் இருந்தபோது, துண்டக்கா தன் கைப்பேசியை விதியை மீறி உள்ளே எடுத்துப்போய் அம்மாவின் காதில் வைத்தார். நான் வாசலுக்கு வெளியே நின்று என் கைப்பேசியில் பேசினேன். அம்மா ஒரே ஒரு சொல் சொன்னாள். வா. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை, நாற்பத்தொன்பதாவது மணியில் அம்மா போய்விட்டாள். இருபத்து மூன்று மணி நேரம் மிச்சம் இருந்தது. பிறகு வாசல் வழியாக என்னிடம் வந்தாள். வெளியே வருவதற்கு அங்கே விதி எதுவும் கிடையாது.

அந்த முப்பத்திரண்டில் ஒன்பது குட்டிகள் பிறந்தன. நன்றாக இருப்பதாகத் தங்கை சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் நிலையத்தில் சினையூட்டிய பன்றி ஒன்று இருமத் தொடங்கியது. ஐந்தாம் நாள் காது நீலம் பாரித்துவிட்டது. கொன்று எரிக்க வேண்டும் என்பது விதி. எரித்தோம். கருப்பையை மட்டும் நான் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துவந்தேன். பொருள் வீணாவது எனக்குப் பிடிக்காது. முப்பத்து நான்கு கருக்கள் கிடைத்தன. பத்துக் கிண்ணங்களை வரிசையாக வைத்தேன். பதிவேட்டில் ஒட்ட ஒரு புகைப்படம் எடுத்தேன். பிறகு கருக்களை முதல் கிண்ணத்திலிருந்து நேரே பத்தாவதற்கு மாற்றினேன். இடையில் இருந்த எட்டும் தெளிந்த நீராகவே இருந்தன. ஏழு கருக்களுக்கு ஓட்டில் விரிசல். ஆகாதவை என்று எவற்றையும் ஒதுக்க அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் குழல்களில் அடைத்து, ஆரோக்கியமான வேறொரு பன்றியின் எண்ணை எழுதி, தொட்டியின் ஆறாவது கூடையில் இறக்கினேன்.

கோபத்தில் செய்துவிட்டதாக அறிக்கையில் எழுதிவிட வேண்டாம். கோபமாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். இது நைட்ரஜனில் இருந்தது. ஒன்பது மாதம், திங்கள்தோறும் நானே அளவு பார்த்து ஊற்றினேன்.

தங்கை கரு கேட்டு எழுதியதும் உருக்கி, பெட்டியில் வைத்து, சிறு கதவில் நீட்டினேன். கை வந்தது. கழுவினாயா என்றது, கழுவினேன் என்றேன். எண்ணினாயா என்றது. எண்ணினேன் என்றேன். அது பொய்யில்லை. ஒன்று, பத்து என்று எண்ணியிருந்தேன்.

மூன்றாவது வாரம் உள்ளே முதல் இருமல் கேட்டது. அதன் பிறகு வரிசையாகக் காதுகள் நீலமாயின, குட்டிகள் செத்தே பிறந்தன. மொத்தப் பண்ணையையும் காலி செய்ய உத்தரவு வந்தது. நான்கு நாள் ஆயிற்று. நான்கு நாளும் தங்கை எனக்குத் தொலைபேசியில் அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.

உங்கள் குழு வந்தது. வேறொரு பண்ணையில் மிதித்த அதே காலணிகளோடு வந்தீர்கள் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. விதிமீறல் ஏதும் தெரியுமா என்று என்னிடம் கேட்டீர்கள். துண்டக்காவின் கைப்பேசியைச் சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்வதுதானே முறை. ஒரு தடவை மீறியவர் பல தடவை மீறியிருப்பார் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டீர்கள். ஓராண்டுக்கு முன் போன கைப்பேசி இத்தனை மாதம் கழித்து இருமுமா என்று குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்கள் வேலையில் தலையிடுவது சரியல்ல என்று நானும் இருந்துவிட்டேன். என் பதிவேட்டைப் பார்த்து மாசற்றது என்றீர்கள். அந்தப் பத்துக் கிண்ணப் புகைப்படத்தைப் பயிற்சிக் கையேட்டில் போடப் பிரதி வாங்கிக்கொண்டீர்கள்.

கடைசி விசாரணையைப் பண்ணையின் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தீர்கள். பத்தொன்பது ஆண்டில் அன்றுதான் நான் உள்ளே வந்தேன். யாரும் குளிக்கச் சொல்லவில்லை. காப்பாற்ற உள்ளே ஒன்றும் இல்லை. கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் அறை. பூட்டுகூடப் போட்டிருக்கவில்லை.

நான் பேசியது துண்டக்காவுக்காகத்தான். குற்றமற்ற ஒருவர் அறையைக் காலி செய்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்குச் சற்று முன்பு, கரு வழியாக நோய் வந்திருக்குமா என்று நீங்கள் பேச்சுக்குக் கேட்டபோது, "எங்கக்கா கழுவினா கழுவினதுதான்" என்று தங்கை சொன்னாள். இத்தனை ஆண்டில் அவள் என் வேலையைப் பாராட்டியது அதுவே முதல் தடவை. அதன் பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன். அம்மா வா என்றாள், தங்கை விடவில்லை. வழக்கு இவ்வளவுதான்.

நான் சொல்லி முடித்ததும் தங்கை தன் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். துண்டக்கா எனக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்று கேட்டார். அவர் கேட்டதையும் அதற்கு என் பதிலையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கேள்வியை எழுதிவிட்டேன். பதிலுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

"லேப் அக்கா, போனைப் பாட்டிம்மா காதுல பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தானே? 'தங்கச்சி சொல்றதைக் கேளு, மூணு நாள் கழிச்சே வா, இங்க குட்டிங்க இருக்கு'ன்னுதானே அவங்க சொன்னாங்க?"