குதிக்காத விமானி

— வாற கிழம பிளேன். எனக்கு உன்னோட கத்திக் கத்தித் தொண்ட வத்திப்போச்சு, கண்ணகை. முடிவச் சொல்லு.

— முழங்கால் வீங்கிக் கிடக்கு. எனக்கு ஏலாது.

— நேத்து ஆடு குட்டி போடப்போகுதாம். முந்தாநாள் கோயில் சடங்காம். இண்டைக்கு முழங்காலா? கனடாவில தனுஷா நிறைமாசமா நிக்கிறாள். மருமகனுக்கு இரவு வேல. பெத்த தாய் போகாட்டி அவளுக்கு வேற ஆரு இரிக்கா?

— நீங்க போங்க.

— பிள்ளப்பெறு பாக்க நானா? விசர்க்கத கதைக்காத. மேலால பிளேன் போனாலே கதவச் சாத்துறவ நீ. அதுதான் விசயம், பயம்! மனிசருக்குத் துணிவு வேணும், விளங்குதா? அந்தா சுவரில படமாத் தொங்குறாரே, அவரப் பார்.

— பாத்துப் பாத்துக் கண்ணும் பூத்துப்போச்சு. போன வெள்ளிக்கிழம உங்கட தங்கச்சி அவருக்கும் சாம்பிராணி காட்டிப்போட்டா. கறுப்புக் கண்ணாடி போட்ட வைரவராம்.

— பகிடிய விடு. அவர் வெள்ளோட்ட விமானி. பட்டாளத்துக்கெண்டு புதுசாச் செஞ்ச சண்டப் பிளேனில முதல் முதல் ஏறின மனிசன். அது பறக்குமா, விழுமா எண்டு செஞ்சவனுக்கே தெரியா.

— அந்தாளுக்கு வேற வேல கிடைக்கல்லையோ?

— உனக்குச் சொல்லி என்னத்துக்கு! செங்கலடியில 'நல்லரத்தினம் லேனர்ஸ்' எண்டு போட் போட்டு, ஊருக்கே வாகனம் பழக்கினவன் நான். மெசினோட பழகினவனுக்குத்தான் அந்த அரும விளங்கும்.

— உங்கட லேனர்ஸ் காரில உங்கட காலடியிலயும் ஒரு பிறேக் இரிக்கு. அப்பிடி இரிந்தும் மயிலம்பாவெளியில வேலிக்குள்ள கொண்டுபோய் விட்டீங்க. மறுகா எனக்குத் துணிவு படிப்பிக்க வாறீங்க.

— அது மாடு குறுக்கால பாஞ்சது.

— மாடு படுத்துக் கிடந்து அச போட்டதெண்டுதான் எல்லாரும் சொன்னாங்க.

— கதைய மாத்தாத! சொல்லுறதக் கேள். நடு வானத்தில அவருக்கு எஞ்சின் நிண்டுபோச்சு. கீழ இருந்து 'குதி, குதி' எண்டு கத்துறாங்க. பரசூட் முதுகில இரிக்கு. குதிச்சாரா? இல்ல!

— ஏன் குதிக்கல்ல?

— குதிச்சா பிளேன் நொறுங்கிப்போகும். என்ன பிழையெண்டு ஒருத்தருக்கும் தெரியவராது. அந்த இனத்தையே செய்யாம விட்டிருப்பாங்க. மனிசன் உயிரக் கையில பிடிச்சிக்கொண்டு அதப் பத்திரமா இறக்கினார். மறுகாத்தான் பிழையத் திருத்தி நூறு நூறாச் செஞ்சாங்க. எத்தின நாட்டுக்கு வித்தாங்க! எல்லாம் அந்த ஒராள் குதிக்காததால, விளங்குதா?

— எங்கட நாட்டுக்கும் வித்ததா?

— பின்ன! சண்ட நேரம் இஞ்சால பறந்த பொம்பர் வேற என்ன? அந்த இனந்தான். நீயும் கண்டிருப்பாய், கூரான மூக்கும்...

— கண்டன். வாவிப் பக்கத்தால தாழ வந்து, வட்டையில வெள்ளாம வெட்டிக்கொண்டு நிண்ட சனத்துக்கு மேல திரும்பிக் குண்டு போட்டது. அதுதானே?

— ஓம்... கண்ணகை, நான்... நான் அத யோசிக்கல்ல.

— ஃபோன எடுங்க. அம்மா வாறாவெண்டு பிள்ளைக்குச் சொல்லுங்க.

— வேணாம், இரி. பயமெண்டா விடு, வேற வழி பாப்பம்.

— பயந்தான். ஆனா அவன் அண்டைக்குக் குதிச்சிருந்தா, தனுஷாவப் பெறக்குள்ள எனக்குப் பக்கத்தில என்ட அம்மா இரிந்திருப்பா.