நார்மனின் வீங்கிய கால்

மோய்ரா: ...சிரிக்காதீங்க நார்மன். முன்ன மாதிரி ஆளுக்கொரு பக்கம் இல்ல. நர்ஸ், மருந்துக்கடைக்காரர், கவுன்சில் ஆளு, முதியோர் கிளப்பு... இந்தப் பேட்டைக்கு எல்லாரையும் ஒரே மேசையில உக்கார வெக்கிறதுதான் இப்ப என் வேலை.

நார்மன்: நல்ல வேலைதான்! மேசையில பிஸ்கட் உண்டா?

மோய்ரா: உண்டு. உங்களப் பத்திப் பேச ஆரம்பிச்சோம், ஒருத்தரும் தொடல.

நார்மன்: அவ்வளவு அழகனா நான்!

மோய்ரா: கால் வீங்கி நிக்கவே முடியலன்னு நர்ஸ்கிட்ட சொன்னீங்க. சனிக்கிழமை கிளப்புல நடனத்துக்குக் கோப்பை வாங்கியிருக்கீங்க.

நார்மன்: அது... மெதுவான பாட்டும்மா.

மோய்ரா: அடுப்ப அணைக்க மறந்துடுறேன்னு கவுன்சில் ஆளுகிட்ட புலம்பல். ஆனா கிளப்புல அத்தனை பேரு பிறந்தநாளும் உங்களுக்கு மனப்பாடம்!

நார்மன்: பிறந்தநாள்னா கேக் இருக்கும். அடுப்புல என்ன இருக்கு?

மோய்ரா: விளையாட்டு இல்ல. எல்லாத்தையும் சேர்த்துப் பாத்துட்டு, இவர தனியா விடக்கூடாது, முதியோர் இல்லத்துல சேர்க்கணும்கிறாங்க.

நார்மன்: என்னையா? ...என் வீட்ட விட்டா?

மோய்ரா: ஒரு வாரம் பொறுங்கன்னு நான்தான் கெஞ்சிட்டு வந்திருக்கேன். பக்கத்து வீட்டு ஆக்னஸ் மாதிரி நீங்களும் எங்கள வாசல்லயே விரட்டியிருந்தாலும் பரவால்ல...

நார்மன்: அவளுக்கென்ன! கல்லு மாதிரி இருக்கா.

மோய்ரா: பேச்ச மாத்தாதீங்க. பிடிச்சு நடக்க நாங்க குடுத்த வாக்கர் எங்க?

நார்மன்: டீ ஆறுது, குடி.

மோய்ரா: நார்மன்!

நார்மன்: ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன்மா. கேக்காத.

மோய்ரா: வாக்கக் காப்பாத்திட்டு வீட்ட விடப்போறீங்களா?

நார்மன்: ...விட்டுத்தான் ஆகணும்னா, விடுறேன்.

மோய்ரா: ஐயோ, பிடிவாதம்! ...பின்பக்கம் என்ன டக் டக்னு சத்தம்?

நார்மன்: பூனை.

மோய்ரா: உங்க பூனை கதவையும் தட்டுமா?

நார்மன்: தொறக்காத! மோய்ரா, தொறக்காத...

ஆக்னஸ்: அவன விடு பொண்ணே. நடுச்சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்டுச்சு. வீங்கினது என் காலு, அடுப்ப மறந்தது நானு, நீங்க குடுத்த வாக்கரும் இதோ என் கையிலதான். சொன்னா எங்கயாவது கொண்டுபோய் விட்டுருவீங்கன்னு பயந்து, இவன் வாயால சொல்ல வெச்சேன். இப்ப இவனையே கூட்டிட்டுப் போனா, இந்தத் தெருவுல எனக்கு யாரு இருக்கா? வா, வந்து என் காலப் பாரு.