கூட்டினால் ஒன்று வர வேண்டும்

அவைக்கு அழகு சேர்க்கும் ஆன்றோரே, சான்றோரே. ஆறு நாள் உழைத்து, ஏழாம் நாள் மாலையையும் எங்கள் வாய்ச்சொல்லுக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கும் மல்லசமுத்திரத்துப் பெரியோரே. மடியில் பிள்ளையும் மனத்தில் அடுப்பு வேலையுமாக அமர்ந்திருக்கும் தாய்மாரே. முன்வரிசையில் மூட்டுவலியோடு முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கும் என்னைப் பெற்ற தாய் அத்தாயி அம்மாளே. எனக்கு முன்னே முழங்கி முடித்து, முகம் துடைத்து அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் ஜெயபிரகாஷ் அவர்களே. நிறைவாக, இந்தச் சிந்தனை மன்றத்தின் தலைவரே, ஆழ்துளைக் கிணறு போடும் நாலு ரிக் வண்டிகளின் முதலாளியே, என்னோடு ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் சந்திரசேகர் அவர்களே, நாளைக் காலை பத்து மணிக்குப் பத்திர ஆபீஸுக்கு என்னை அழைத்துப் போகக் கார் அனுப்புவதாகச் சொல்லியிருக்கும் அண்ணன் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் கோகிலவாணியின் பணிவான வணக்கம்.

பத்திர ஆபீஸ் என்றதும் தலைவர் நிமிர்ந்து உட்காருகிறார். பயப்பட வேண்டாம் அண்ணா. முதலில் தலைப்புக்கு வருகிறேன்.

இன்றைய தலைப்பு, ‘குர்ஆனில் முரண்பாடுகள்’. எனக்குக் கொடுத்த பகுதி, ‘பாகப்பிரிவினைக் கணக்கில் பிழை’. ஏன் எனக்குக் கொடுத்தார்கள்? அண்ணன் போனில் சொன்னார்: “நீதான் கணக்கு டீச்சராச்சே கண்ணு. போர்டுல எழுதிக் கூட்டிக் காட்டீரு. சனம் கை தட்டும்.” நான் தனியார் பள்ளியில் இருபது ஆண்டாகக் கணக்குச் சொல்லித் தருகிறவள். தப்பான கணக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஆகவே வந்தேன்.

வழக்கறிஞர் என்ன அழகாகப் பேசினார். ஓரிடத்தில் உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்று வருகிறது, இன்னோரிடத்தில் கூட்டிப் பார்த்தால் எட்டு நாள் வருகிறது என்றார். கை தட்டினீர்கள். இறைவனிடத்தில் ஒரு நாள் என்பது ஓரிடத்தில் ஆயிரம் ஆண்டு, ஓரிடத்தில் ஐம்பதாயிரம் ஆண்டு என்றார். விசில் அடித்தீர்கள். கேள்வி கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. எந்த நூலையும் கேட்கலாம். கேட்டால் உடைகிற நூல் உடைந்து போகட்டும். ஆனால் ஐயா, பதில் சொல்ல இந்த மேடையில் யாரை உட்கார வைத்தீர்கள்? அரபி படித்தவர் உண்டா? அந்த நூலை நம்புகிறவர் உண்டா? கேள்வி கேட்க மூன்று நாற்காலி போட்டவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு நாற்காலி போட மனம் வரவில்லை.

இந்த மண்டபத்தில் அந்த நூலை ஓதுகிறவர் ஒரே ஒருவர். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் சம்சாத் டீச்சர். எங்கள் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறார். நான் கூப்பிட்டு வந்தவர். நீங்கள் விசில் அடித்தபோது நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு விசேஷத்துக்கு அழைத்து வந்து வாசலில் நிற்க வைத்தது போல எனக்குக் கூச்சமாக இருந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். இதோ போர்டு, இதோ சாக்பீஸ். ஒருவர் இறந்துபோகிறார். அவருக்கு மனைவி உண்டு, இரண்டு மகள்கள் உண்டு, தாயும் தந்தையும் உயிரோடு உண்டு. குர்ஆன் சொல்லும் பங்கு என்ன? மனைவிக்கு எட்டில் ஒன்று. மகள்களுக்கு மூன்றில் இரண்டு. தாய்க்கு ஆறில் ஒன்று, தந்தைக்கு ஆறில் ஒன்று. இருபத்துநான்கு கூறாகப் பிரித்துக் கூட்டினால் மூன்று, பதினாறு, நான்கு, நான்கு. மொத்தம் இருபத்தேழு. இருக்கிற கூறு இருபத்துநான்கு, கொடுக்க வேண்டியது இருபத்தேழு.

ஆமாம் தம்பி, சிரி. கணக்கு உதைக்கிறது. கடவுளுக்குக் கூட்டல் தெரியாதா என்று கேட்டு நான் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள்.

ஆனால் நான் கணக்கு டீச்சர். விடை உதைத்தால், கணக்குப் போட்டவரிடம் கேட்பேன். போன வாரம் பள்ளியில், சாப்பாட்டு வேளையில், சம்சாத் டீச்சரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “இது புதுசா கண்டுபிடிச்ச கேள்வி இல்லைங்க டீச்சர். எங்காளுங்க ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தியே மல்லுக்கட்டின கேள்வி.”

அவர்களுடைய கலீபா அலி மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தாராம். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து இதே கணக்கைக் கேட்டாராம். அலி பேச்சை நிறுத்தவில்லை. தலைப்புக்குள் கேள் என்று சொல்லவில்லை. நாளைக்கு வா என்றும் சொல்லவில்லை. ‘அவளுடைய எட்டில் ஒன்று, ஒன்பதில் ஒன்றாயிற்று’ என்று மேடையிலிருந்தே சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாராம். அவர்கள் மரபில் அப்படிச் சொல்லி வருகிறார்கள்.

என்ன பொருள்? சொத்தை இருபத்துநான்கு கூறாகப் போடாதே, இருபத்தேழு கூறாகப் போடு. மனைவிக்கு அதில் மூன்று, அதாவது ஒன்பதில் ஒன்று. எல்லோர் பங்கும் ஒரே அளவில் குறையும். ஒருவர் பங்கும் அழியாது. இன்னும் எளிதாகச் சொல்லட்டுமா? பந்தியில் ஆள் கூடிப்போனால் என்ன செய்வோம்? உட்கார்ந்தவரை எழுப்பி அனுப்புவோமா, எல்லார் இலையிலும் ஒரு கரண்டி குறைப்போமா? அவர்கள் கரண்டியைக் குறைத்தார்கள்.

இதை ஏற்காதவர்கள் அவர்களுக்குள்ளேயே உண்டு. நூலிலே இல்லாத வழியைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று வழக்கறிஞர் வாதிட்டால், அதுவும் வாதம்தான். மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்பது என்ன நியாயம் என்று கேட்டால், கேளுங்கள், நானும் கேட்கிறேன். சம்சாத் டீச்சரே கேட்கிறார். அந்த நூலுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. என் கேள்வி வேறு.

சம்சாத் டீச்சருடைய அத்தா, அதாவது அப்பா, இறந்தபோது திருச்செங்கோட்டில் ஒரு கடை இருந்தது. அண்ணன்மார் இரண்டு பேர். அவர்களும் தட்டில் வைத்து நீட்டிவிடவில்லை. “இழுத்தடிச்சாங்க டீச்சர். நான் பள்ளிவாசல் ஜமாத்துல போய் உக்காந்தேன். இன்ன அத்தியாயம், இன்ன வசனம், என் பங்கு இதுன்னு படிச்சுக் காட்டினேன். எழுதிக் குடுத்துட்டாங்க” என்றார். கணக்கில் பிழை என்று நீங்கள் கை தட்டிச் சிரித்தீர்களே, அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் ஒரு பெண் தன் பங்கை வாங்கினாள்.

நான் எந்தப் பக்கத்தைக் காட்டுவது?

தலைவர் மணி அடிக்கிறார். அடியுங்கள் அண்ணா. வழக்கறிஞர் இதைவிட அதிக நேரம் பேசியபோது அந்த மணி எங்கே போயிருந்தது?

சபையோரே, எங்கள் அப்பா மாதையன் லோடு லாரி ஓட்டி, கண் விழித்து, தன் கைக்காசில் வாங்கியது நாலு ஏக்கர் வெள்ளாமைக் காடும் ஒரு கிணறும். உயில் எழுதாமல் போய்விட்டார். கணவனை இழந்து, மகள் கிருத்திகாவோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ரோட்டோரமாக ஒரு துண்டு கொடு, வீடு கட்டிக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? “உனக்குத்தான் சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சே. பொம்பளப் புள்ளைக்குக் காட்டுல ஏது பங்கு? ரிலீஸ் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ கண்ணு. மாட்டேன்னயின்னா அப்பறம் பொறந்த ஊட்டுப் படி மிதிக்க வேண்டாம்.”

துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது? ‘தலைப்புக்குள் பேசவும்.’ ஐயா, நான் தலைப்பை விட்டு ஓர் அங்குலமும் நகரவில்லை. பாகப்பிரிவினைக் கணக்கில் பிழை. அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் அரபு நாட்டுக் கணக்கைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தீர்கள். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் ஊர்ப் பத்திர ஆபீஸ் வாசலைப் பார்த்தீர்களா? ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் அங்கே வரிசையாக நிற்பவர்கள் யார்? அக்காவும் தங்கையும். எதற்கு நிற்கிறார்கள்? எனக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க நிற்கிறார்கள். மனம் உவந்து தருகிறேன் என்று அந்தக் காகிதம் சொல்கிறது. கீழே கையெழுத்துப் போடுகிறவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். இதைவிடப் பெரிய முரண்பாடு எந்த வேதத்தில் இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்.

மகனும் மகளும் சமம் என்கிறது சட்டம். மகளுக்கு ஏது பங்கு என்கிறது வீடு. இந்த முரண்பாட்டுக்கு எந்த மன்றம் கூட்டம் போட்டது? எந்த மண்டபம் வாடகைக்கு எடுத்தது? எந்த வழக்கறிஞர் மைக் பிடித்தார்? ஜெயபிரகாஷ் ஐயா, தவறாக நினைக்காதீர்கள். நான் நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய அந்தப் பத்திரத்தை எழுதியவர் நீங்கள்தானே? அடுத்தவர் நூலில் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றானது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் பேனா முனையில் மூன்றில் ஒன்று சைபர் ஆனது தெரியவில்லையா?

அவர்கள் பந்தியில் ஆள் கூடியபோது கரண்டியைக் குறைத்தார்கள். எங்கள் வீட்டில் ஆளும் கூடவில்லை, சோறும் குறையவில்லை. ஆனாலும் என்னை இலையிலிருந்து எழுப்பி விட்டார்கள்.

கை தட்டாதீர்கள் தாய்மாரே. உங்களில் எத்தனை பேர் இந்தக் கையால் அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கசக்கிறது. அண்ணன் மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அந்தப் பாசத்தைப் பிடித்துத்தான் என் விரலை மடக்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் கசக்கிறது.

மறுபடியும் மணி. இதோ முடித்துவிடுகிறேன் தலைவர் அவர்களே. நாளைக்குக் கார் அனுப்ப வேண்டாம். நான் வரப்போவதில்லை. பிறந்த வீட்டுப் படியை மிதிக்காதே என்றால் மிதிக்கவில்லை. என் பங்கில் நானே ஒரு படி கட்டிக்கொள்கிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், சிரித்த தம்பிமாருக்கும், தலைகுனிந்து உட்கார்ந்திருந்த சம்சாத் டீச்சருக்கும் நன்றி சொல்லி...

என்ன அம்மா? உட்காருங்கள், கால் வலிக்கும். என்ன கேட்கிறீர்கள்? கொஞ்சம் அமைதியாக இருங்கள் ஐயா, என் அம்மா ஏதோ கேட்கிறார். அந்த மைக்கை அவரிடம் கொடு தம்பி.

“ஏஞ் சாமி, நீ மூணுல ஒண்ணுன்னு சொன்னயே. நீயும் உங்கண்ணனும் ரெண்டு பேருதான? மூணாவது ஆளு ஆரு? என்னையுந்தான் நாளைக்கு ரேகை வெக்க வரச் சொல்லியிருக்கறான். அந்தக் காட்டுல எனக்குமு பங்கு இருக்குதா?”

கேட்டீர்களா சபையோரே? இவ்வளவு வயதுக்கு அப்புறம் என் தாய் கேட்கிற முதல் கணக்கு இது. தலைவர் மணியில் கை வைக்கிறார். வையுங்கள் அண்ணா. நாளைக்கு வா என்று அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன். மேடையில் கேட்ட கேள்விக்கு மேடையிலேயே பதில்.

இருக்குதம்மா. அந்த மூணாவது ஆள் நீதான். அண்ணனுக்கு மூன்றில் ஒன்று, எனக்கு மூன்றில் ஒன்று, உனக்கு மூன்றில் ஒன்று. கூட்டினால் சரியாக ஒன்று வருகிறது.

வணக்கம்.