திரிஷாவைக் கடவுள் மறந்த கதை

சுக்குக் காப்பிக்குப் பனைவெல்லம் கொஞ்சம் தூக்கலாகப் போட வேண்டும், அய்யா. செவிலிமேட்டில் எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்களுக்கு நான்தான் போட்டுக் கொடுப்பேன். பேசிப் பேசித் தொண்டை கட்டிவிடும், பாவம்.

என் பெயர் மரியம்மாள். பட்டுக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் வேலை. செத்துப்போன ஜான்சன் யார் என்று உங்களுக்குத் தெரியும். குடித்துவிட்டு வேன் ஓட்டி, பஸ்ஸுக்கு நின்ற என் மகள் திரிஷாவை அடித்துக் கொன்றுவிட்டு நிறுத்தாமல் போனவன். பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை, கோர்ட்டில் விட்டுவிட்டார்கள். பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷம் அதிலேயே ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு எங்கள் சபைக்கு வந்து சேர்ந்தான்.

முதல் நாளே என் காலில் விழுந்தான். பாஸ்டர் என் கையை எடுத்து அவன் தலையில் வைத்தார். எல்லோர் முன்னாலும் மன்னித்தேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். இன்றைக்கும் அதை நான் வாபஸ் வாங்கவில்லை.

ரத்தச் சிவப்பான பாவத்தையும் கர்த்தர் பனியாக வெளுக்க வைப்பார் என்று பாஸ்டர் பிரசங்கித்தார். எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. நிறம் தப்பிய சிவப்புப் பட்டைப் பட்டறையில் நானே வெளுத்து எடுத்திருக்கிறேன். பாவத்தைக் கடலின் ஆழத்தில் எறிந்துவிடுவார், பிறகு நினைக்கவே மாட்டார் என்றும் சொன்னார். அதையும் நம்பினேன்.

ஜான்சன்தான் நம்பவில்லை. வாராவாரம் அந்தப் பாவத்தையே சாட்சியாகச் சொன்னான். வாலாஜாபாத்தில் கூப்பிட்டார்கள், திருமுக்கூடலில் கூப்பிட்டார்கள். போகப் போகக் கதை மெருகேறியது. முதலில் திரிஷா ஒரு பெண்ணாக இருந்தாள். பிறகு இருட்டில் ஏதோ ஒன்றாக ஆனாள். கடைசியில் சாத்தான் குறுக்கே வைத்த தடை. அதற்குக் கை தட்டினார்கள்.

ஒரு நாள் டம்ளரைக் கொடுக்கும்போது கேட்டேன்.

"கர்த்தர் கடல்ல போட்டதை நீ எதுக்குப்பா வாராவாரம் தூண்டில் போட்டு எடுத்துக்கினு இருக்கிறே?"

"ஜனங்க மனந்திரும்புறாங்களேம்மா."

"சரி. அவ பேரையாவது சொல்லேன்."

யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், அய்யா. பிறகு சிரித்தான்.

"அவரே நினைக்கிறதில்லன்னு சொல்லிட்டாரும்மா. நான் ஏன் நினைச்சுக்கினு இருக்கணும்?"

நியாயமான பேச்சுதான். அந்தப் பாவத்துக்குள் என் மகள் இருந்தாள். அதைத் தூக்கி எறிந்தபோது அவளும் சேர்ந்து போயிருக்கிறாள். இது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பட்டறையிலிருந்து கொண்டுவந்ததைக் காப்பியில் கலந்தேன். வெல்லம் தாராளமாகப் போட்டதால் வித்தியாசம் தெரியவில்லை. பேச்சின் நடுவில் மைக்கோடு சாய்ந்தான். அபிஷேகம் இறங்கிவிட்டது என்று சபை முழுக்க எழுந்து துதித்தார்கள். அவன் தரையில் துடிக்கத் துடிக்கப் பாட்டின் வேகம் ஏறியது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்ல அங்கே விஷம் என்று தெரிந்த என் ஒருத்தியால்தான் முடியும். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

காலையில் பாஸ்டர் இந்த ஸ்டேஷனுக்கே வந்து அழுதார். ஒரே ஒரு வார்த்தை மனம் வருந்திச் சொல்லும்மா, இதையும் கர்த்தர் நினைக்காமல் விட்டுவிடுவார் என்றார். அந்த வேலையே வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

இது வெளுக்கக் கூடாது, அய்யா. நான் வருந்தாதவரை இதை அவர் நினைவில் வைத்திருந்தே ஆக வேண்டும். இவள் ஏன் இதைச் செய்தாள் என்று பார்க்கும்போதெல்லாம் திரிஷா என்கிற பெயர் அவர் வாயில் வந்தே தீர வேண்டும்.

எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் கொன்றேன். துளியும் வருத்தமில்லை என்று எழுதுங்கள். என் முகத்தில் வேறு ஏதாவது தெரிந்தால் அதை மட்டும் எழுதிவிடாதீர்கள்.