இரண்டு அங்குல ஒயர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் வகுப்பு எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா, இன்ஸ்பெக்டர் சார்? கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களை இரண்டு மணிக்கு உட்காரவைத்து இதயத் துடிப்பைப் பற்றிப் பேசினால், பேசுகிறவனுக்கே கொட்டாவி வரும். நான் அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். நர்ஸுக்குப் பக்கத்தில் மோட்டார் மெக்கானிக், லேப் டெக்னீஷியனுக்குப் பக்கத்தில் இன்ஜினியரிங் மாணவன் என்று மாற்றி மாற்றி உட்காரவைத்துவிடுவேன். இவருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. சண்டை போட்டே விழித்திருப்பார்கள்.

என் பெயர் வரதராஜுலு. இருபத்திரண்டு வருடம் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் எலெக்ட்ரீசியன். ஆலையை மூடியபோது எனக்கு வயது நாற்பத்தாறு. ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பழுதுபார்க்கப் போனேன். அங்கேதான் இந்த மருத்துவக் கருவிப் பயிற்சியை ஆரம்பித்தேன். சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. படிக்கிறவர்களும் வரலாம், வேலையில் இருப்பவர்களும் வரலாம். நர்ஸுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிய வேண்டும், இன்ஜினியருக்கு நாடி பிடிக்கத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் என் கொள்கை.

ஆனால் பல்கலைக்கழக அங்கீகாரம் இல்லை. "நம்ம சர்டிபிகேட்டுல வடை மடிக்கலாமுங்க சார்" என்று பம்ப்செட் மெக்கானிக் தம்பிதுரை கிண்டல் செய்வான். எல்லோரும் சிரிப்பார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். அந்த வருடமும் அங்கீகாரம் வராவிட்டால் பயிற்சியை மூடிவிடுவதாக அறக்கட்டளை சொல்லிவிட்டது. முப்பத்தொரு பேர் ஒரு வருடத்தைத் தொலைப்பார்கள். எனக்குப் போக வேறு இடமே கிடையாது. பயந்துதான் போயிருந்தேன்.

தொண்ணூற்று ஐந்து ஜனவரியில் கமிட்டி வருவதாகக் கடிதம் வந்தது. மாணவர்கள் சரிசெய்த ஒரு கருவி வார்டில் உண்மையாகவே உபயோகத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எங்களிடம் பழைய இன்குபேட்டர் ஒன்று இருந்தது. குறைமாதக் குழந்தையைச் சூட்டில் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. அதை ஆறு மாதம் கழற்றி மாட்டி ஓட வைத்திருந்தோம். அளவுக்கு மேல் சூடு ஏறினால் அதில் மணி அடிக்கும். மணி கூப்பிட மட்டும்தான் செய்யும். குமிழைத் திருப்பிச் சூட்டைக் குறைக்க ஆள் வர வேண்டும்.

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில்தானே தாழி உடையும். கமிட்டி வர இரண்டு நாள் இருக்கும்போது, இருபது நிமிடத்துக்கு ஒருதரம் மணி அடிக்க ஆரம்பித்தது. மணிதான் கோளாறு என்றேன். அப்படி இல்லை என்று மறுத்தாள் உம்மல் குல்சும். குழந்தைகள் வார்டில் நர்ஸ், எங்கள் மாணவி, அந்த வருடத்து ஆட்களிலேயே கெட்டிக்காரி.

"மணி பொய் சொல்லலீங்க சார். உள்ள நெசமாலுமே சூடு ஏறுதுங்க. வேற தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்துப்போட்டேனுங்க."

"அந்தத் தெர்மாமீட்டர் பழசு அம்மணி" என்றேன். அது போன மாதம் வாங்கியது.

பஞ்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. பஞ்சு இழை அறுந்தால் மெஷின் தானாக நின்றுவிடும்படி ஒரு அமைப்பு வைத்திருப்பார்கள். மாதக் கடைசியில் உற்பத்தி குறைந்தால் அதைக் கட்டிப்போட்டுவிட்டு ஓட்டுவோம். எலெக்ட்ரீசியன்தான் ஒயர் வைத்துக் கட்டுவான். சூப்பர்வைசர் பார்த்தும் பாராததுபோலப் போவார். நூல் கொஞ்சம் மட்டமாக வரும், யாரும் சாகமாட்டார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நூறு தடவையாவது நான் கட்டியிருப்பேன்.

கமிட்டி வந்த அன்று காலை இரண்டு அங்குல ஒயரால் அந்த மணியை அடிக்காதபடி கட்டினேன். அவர்கள் போனதும் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். குல்சும் குழந்தையைக் கொண்டுவந்து பெட்டியில் படுக்கவைத்தாள். தாராபுரத்துப் பக்கம் ராசாத்தாள் என்கிற பெண்ணுக்குப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோ.

"மணி அடிக்கவே இல்லீங்களே சார், சரியாயிருச்சுங்களா?"

"சரி பண்ணிப்போட்டேன் அம்மணி."

கமிட்டியில் மூன்று பேர். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள், திருப்தியாகத் தலையாட்டினார்கள். பிறகு, ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, வேலையில் இருந்துகொண்டே படிக்கும் ஒருவரிடம் பேச வேண்டும் என்றார் தலைவர். குல்சுமைத் தவிர யாரை அனுப்புவேன்? அவள் தயங்கினாள். "பாப்பாவப் பாக்க ஆளில்லீங்க சார்."

"மணி இருக்குதில்ல. அடிச்சா ஆபீஸ் ரூம் வரைக்கும் கேக்கும். வா" என்றேன்.

அந்த நேரத்தில் ஒயர் என் நினைவில் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

குல்சும் அருமையாகப் பேசினாள். "மணி அடிச்சா நர்ஸ் ஓடோணுமுங்க. ஏன் அடிச்சுதுன்னு இன்ஜினியர் பாக்கோணுமுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பாஷை தெரிஞ்சாத்தானுங்க நோயாளி பொழைக்கும்" என்றாள். தலைவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு ஒயர் நினைவுக்கு வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.

எழுந்து போயிருக்கலாம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள். ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் முப்பத்தைந்து நிமிடம் அவள் பேசினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவள் பேச்சில்தான் அங்கீகாரம் கிடைத்தது. அந்தப் பெருமை அவளுக்கே உரியது, நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

வந்தவர்களைக் கார்வரைக்கும் வழியனுப்பச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு, நான் மட்டும் அந்த அறைக்குப் போனேன். கண்ணாடி கை வைக்க முடியாத சூடு. குழந்தையின் தோல் சிவந்து கிடந்தது, மூச்சு இல்லை. முதலில் ஒயரை எடுத்தேன். எடுத்ததும் மணி அடித்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் எல்லோரும் ஓடிவந்தார்கள். முதலில் ஓடிவந்தது குல்சும்.

ஆஸ்பத்திரி விசாரணையில் கருவியைச் சோதித்துச் சொல்ல என்னைத்தான் கேட்டார்கள். சோதித்தேன், மணி அடித்தது. அடிக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் பொய் எழுதவில்லை சார். யார் கூப்பிட்டு அவள் எழுந்து வந்தாள் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ராசாத்தாள்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னங்க பண்ணுவீங்க, எம்பட விதிங்க" என்றாள். குழந்தையைத் தனியே விட்டுப் போனாள் என்று குல்சுமுக்கு வேலை போனது, வழக்கும் வந்தது.

போன மாதம் குல்சும் என் வீட்டுக்கு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். காது டாக்டரிடம் போய் வந்தாளாம். "மணி அடிச்சிருக்குது, எனக்குத்தான் கேக்கலைன்னு இருந்தனுங்க சார். காது நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அப்ப ஏனுங்க எனக்குக் கேக்கலை?" அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. வாத்தியாரிடம் பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"பதட்டத்துல சிலபேருக்குக் காது அடைச்சுக்கும் அம்மணி" என்றேன். அழுதாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாளை புதன்கிழமை கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறாள் என்று அவள் வக்கீல் சொன்னார். அதனால்தான் வந்தேன். மணியைக் கட்டியது நான். அது நினைவுக்கு வந்த பிறகும் முப்பத்தைந்து நிமிடம் எழுந்திருக்காதவன் நான். அந்தக் குழந்தையைக் கொன்றது நான். அவள்மீது ஒரு தப்பும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்தை இப்போதே போட்டுத் தந்துவிடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் சார். அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வியாழக்கிழமை கமிட்டி வருகிறது. இந்த வருடம் நாற்பத்தெட்டுப் பேர் படிக்கிறார்கள். நீங்கள் தேதியை மட்டும் வெள்ளிக்கிழமை என்று போட்டுக்கொள்ளுங்கள்.